அப்பா என்ன வேலை செய்கிறார்?

அன்புள்ள ஐயா,

குடிமைப் பணி முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதித் தேறியிருக்கிறேன். அடுத்த மாதக் கடைசியில் டெல்லியில் ஆளுமைத் தேர்வு, அதாவது நேர்காணல். தமிழில் பேசுவதா, ஆங்கிலத்திலா? கோட்டு அவசியமா? பொழுதுபோக்கு ‘இலக்கிய வாசிப்பு’ என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். எந்தப் பத்து நூல்களைப் படித்துக்கொண்டு போகலாம்? இன்னொன்று. அப்பா தூத்துக்குடியில் உப்பளக் கூலி. பயிற்சி மையத்தின் மாதிரி நேர்காணலில் அதைச் சொன்னபோது, “அனுதாபம் தேடுவதுபோல் இருக்கிறது, ‘உப்பு உற்பத்தித் துறையில் இருக்கிறார்’ என்று சொல்லிப் பழகுங்கள்” என்றார்கள். சரியா?

(பெயர் நீக்கப்பட்டுள்ளது)

அன்புள்ள தம்பி,

முதல் மூன்றையும் முடித்துவிடுகிறேன். தமிழில் எழுதினீர்கள், தமிழிலேயே பேசுங்கள். கோட்டு இருந்தால் போடுங்கள். கடன் வாங்கித் தைக்காதீர்கள். ஒரு மாதத்தில் பத்து நூல்களை விழுங்கிவிட்டு வாசகன் என்று போய் உட்காருவது பொய்ச்சாட்சி. உண்மையில் படித்தவை இரண்டுதான் என்றால் அந்த இரண்டைப் பற்றிப் பேசுங்கள்.

நான்காவது கேள்விக்கு வருகிறேன். உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் பரணிலிருந்து அம்மாவின் ராட்டையை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தேன்.

1983. வங்கி எழுத்தர் வேலைக்கு நேர்காணல். அருப்புக்கோட்டையில் இரவு பஸ் ஏறிச் சென்னைக்குப் போனேன். எங்கள் வீட்டில் குழித்தறி. அப்பா நெய்வார், அம்மா ராட்டையில் தார் (ஊடைநூல்) சுற்றுவார். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார்கள். “டெக்ஸ்டைல் பிசினஸ்” என்றேன். அண்ணனின் நண்பர் ஒருவர் சொல்லிக்கொடுத்த பதில். நடுவில் இருந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“என்ன நூல்?”

“எண்பதாம் நம்பர்.”

“எண்பது என்பது எதன் கணக்கு?”

எனக்குத் தெரியவில்லை. 1969-இல் 14 வங்கிகளும் 1980-இல் 6 வங்கிகளும் நாட்டுடைமையானதைத் தேதியோடு மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். பிறந்ததிலிருந்து சோற்றில் விழுந்த நூல்பிசிறை எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிட்டவனுக்கு அந்த நூலின் எண் எதைக் குறிக்கிறது என்று தெரியவில்லை. ஊர் திரும்பி அம்மாவிடம் கேட்டேன். சுற்றுவதை நிறுத்தாமலே சொன்னார்: “ஒரு சிட்டம் 840 கஜம். அப்படி எண்பது சிட்டம் சேர்ந்தால்தான் ஒரு ராத்தல் எடை வரும். நூல் மெலிய மெலிய நம்பர் ஏறும். இதைக்கூடவா கேட்டார்கள்?” வேலை கிடைக்கவில்லை. அந்த வருத்தம் சில மாதங்களில் போய்விட்டது. அப்பாவை ‘பிசினஸ்’ ஆக்கிவிட்டு வந்ததை மட்டும் அவர் சாகும்வரை அவரிடம் சொல்லவில்லை.

இப்போது உங்கள் பயிற்சியாளர்களிடம் வருவோம். ‘உப்பு உற்பத்தித் துறையில் இருக்கிறார்’ என்றால் யார்? முதலாளியும் அதில்தான் இருக்கிறார், லாரிக்காரரும் இருக்கிறார், உப்புக்கு வரி போட்ட வெள்ளைக்காரனும் அதில்தான் இருந்தான். வெயிலில் நின்று உப்பு வாருகிற ஒருவரை மட்டும் மறைப்பதற்காகச் செய்த சொல் அது. 1750 மதிப்பெண்ணுக்குத் தன் கையால் எழுதி வென்றவர், 275 மதிப்பெண்ணுக்கு அடுத்தவன் வாயைக் கடன் வாங்குவாரா? இது குறுக்கு விசாரணை அன்று, இயல்பான உரையாடல் என்று தேர்வாணையத்தின் அறிவிக்கையே சொல்கிறது. அதையாவது படித்தீர்களா?

அனுதாபத்துக்குப் பயப்படுகிறீர்கள். கூலி என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்தால் அனுதாபம்தான் வரும். குனியாமல் மேலே பேசுங்கள். உப்புநீரின் அடர்த்தியை ‘போமே’ என்ற டிகிரியில் அளப்பார்கள். கடல்நீர் ஏறக்குறைய மூன்றரை டிகிரி. வெயிலில் வற்றி, பாத்தி மாறி மாறி, வழியில் ஜிப்சத்தை இறக்கிவிட்டு, 25 டிகிரியைத் தொடும்போதுதான் உப்பு விளைகிறது. 30-ஐ நெருங்கவிட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசக்கும். அதற்குள் மிஞ்சிய நீரைத் திறந்துவிட வேண்டும். உங்கள் ஊரில் பல அளங்களுக்குக் கடல்நீர் அல்ல, நிலத்தடி உவர்நீர்தான். உங்கள் அப்பா வேலை செய்யும் அளத்துக்கு எது? தெரியுமா? ஐப்பசி மழை விழுந்து பாத்திகள் மூழ்கினால் கூலி நின்றுபோகிறது. அந்த மாதங்களுக்கென்று அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. அது உங்கள் வீட்டில் எத்தனை நாள் அடுப்பெரித்தது? ஒரு மாவட்டத்தை உங்களிடம் ஒப்படைக்கலாமா என்று பார்க்க உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதைவிட வேறென்ன தெரிய வேண்டும்?

கோபித்துக்கொள்ளாதீர்கள். 1983-இல் என்னை இப்படித் திட்ட ஆள் இல்லை.

டெல்லி அறைக்குக் கொடுத்த வாடகை வீணாகிறதே என்று பார்க்காமல் ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு வாருங்கள். இந்நேரம் தரை இறுகப் பாத்தி மிதிக்கத் தொடங்கியிருப்பார்கள். அப்பாவோடு இறங்கி மிதியுங்கள். டிகிரி பார்க்கும் கண்ணாடிக் குழல் கையில் இல்லாத நாளில், 25 வந்துவிட்டது என்று எதைப் பார்த்துச் சொல்வார் என்று அவரிடம் கேளுங்கள். அவர் சொன்னதை எனக்கும் எழுதுங்கள்.