அமெரிக்க எம்.பி.க்களும் அவர்களின் உதவியாளர்களும் அடுத்தவர் செலவில் பயணம் போகலாமா?

போகலாம், முன் அனுமதி வாங்கினால். கேள்வியில் உதவியாளர்களையும் சேர்த்துக் கேட்டிருப்பது நல்ல விஷயம். பலர் அவர்களைக் கணக்கிலேயே எடுப்பதில்லை.

அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையின் விதிகள் 2007-இல் இறுக்கப்பட்டன. ஜாக் அப்ரமாஃப் என்ற லாபியிஸ்ட், அதாவது காசு வாங்கிக்கொண்டு பிறருக்காக எம்.பி.க்களிடம் காரியம் சாதிக்க முயல்பவர், உறுப்பினர்களை ஸ்காட்லாந்துக்கு கோல்ஃப் ஆடக் கூட்டிப்போன விவகாரம் பெரிதாகி, ஓஹையோ உறுப்பினர் பாப் நே சிறைக்கே போனார். அதன் பிறகு லாபியிஸ்ட் பயணச் செலவை ஏற்கவே கூடாது. லாபியிஸ்டை வைத்திருக்கும் நிறுவனம் ஒருநாள் நிகழ்ச்சிக்கு மட்டும்தான் அழைக்கலாம். பல்கலைக்கழகங்களுக்கு இந்தத் தடை இல்லை. மற்ற அமைப்புகள் அழைத்தால் உள்நாட்டில் 4 நாள், வெளிநாட்டில் 7 நாள். 30 நாள் முன்னதாக சபையின் நெறிமுறைக் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். திரும்பி வந்து 15 நாளுக்குள் டிக்கெட் எவ்வளவு, ஓட்டல் எவ்வளவு, சாப்பாடு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் படிவங்களைச் சபையின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். உதவியாளர் போவதென்றால் அவருடைய எம்.பி.யும் கையெழுத்துப் போட வேண்டும்.

இவ்வளவு இருந்தும் 2013 மே மாதம் பாகுவில் என்ன நடந்தது பாருங்கள். 10 உறுப்பினர்களும் 32 உதவியாளர்களும் அஜர்பைஜானில் ஒரு மாநாட்டுக்குப் போனார்கள். அழைத்தவை அமெரிக்காவில் பதிவான தொண்டு அமைப்புகள். குழுவும் முறைப்படி அனுமதி தந்தது. ஆனால் பணம் போட்டது அந்நாட்டு அரசு எண்ணெய் நிறுவனமான சோகார், ஏறக்குறைய 7.5 லட்சம் டாலர். ஈரான் மீது அமெரிக்கா விதித்த தடைகளிலிருந்து காஸ்பியன் கடல் எரிவாயுத் திட்டம் ஒன்றுக்கு விலக்குத் தேடிய நிறுவனங்களில் அதுவும் ஒன்று. வந்தவர்களுக்குக் கம்பளம், பட்டு ஸ்கார்ஃப் என்று பரிசுகள் வேறு. உறுப்பினர்கள் தெரிந்து தவறு செய்ததாக ஆதாரம் இல்லை என்று 2015-இல் குழு முடித்துவிட்டது. பணம் எங்கிருந்து வந்தது என்பதைப் படிவத்தில் மறைத்ததாக, அழைத்த அமைப்புகளில் ஒன்றின் தலைவர் கெமல் ஒக்சுஸ் 2018-இல் ஒப்புக்கொண்டார்.

எனக்கு உறுத்துவது அந்த 32தான். மசோதாவை முதலில் வரைவதும், திருத்தத்தில் எந்த வார்த்தை இருக்கும், எது போகும் என்று பார்ப்பதும், எம்.பி. யாரைச் சந்திக்கிறார் என்று தீர்மானிப்பதும் பெரும்பாலும் இவர்கள்தான். பத்திரிகையில் இவர்கள் பெயர் வராது, தேர்தலில் நிற்கவும் வேண்டாம். காரியம் ஆக வேண்டியவன் இவர்களைத்தான் முதலில் கவனிப்பான். அதனால் உதவியாளருக்கு விதியைத் தளர்த்தலாம் என்ற பேச்சை என்னால் ஏற்கவே முடியாது.

பயணத்தின் நிகழ்ச்சிநிரலைக் குழு நாள்வாரியாகப் பார்க்கிறது. பணத்துக்கு மட்டும் அழைப்பவரின் கையெழுத்தையே பெரிதும் நம்புகிறது. அழைக்கும் அமைப்புக்கு யார் யார் நன்கொடை கொடுத்தார்கள் என்ற வங்கிக் கணக்கையும் விண்ணப்பத்தோடு கேட்க வேண்டும். அதைக் காட்டத் தயங்கும் அமைப்பின் டிக்கெட்டில் எம்.பி.யும் ஏறக் கூடாது, உதவியாளரும் ஏறக் கூடாது.