ஃபிளாக்ஸ் பக்கத்தை ஒருமுறை பாருங்கள்

"குரோம் பதிப்பு ஒன்றுதான், என் கணினியில் புதிய ஏபிஐ ஓடுகிறது, பயனர்களுக்கு மட்டும் ஓடவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். (ஏபிஐ என்றால் வலைப்பக்கத்தின் நிரல் பிரவுசரின் ஒரு வசதியைக் கூப்பிடும் வழி.) முதலில், சோதனையில் இருக்கும் வசதிகளை இயக்கவும் நிறுத்தவும் குரோமில் உள்ள ஃபிளாக்ஸ் பக்கத்தை (chrome://flags) திறந்து பாருங்கள், எப்போதோ சோதனைக்காக ஒன்றை இயக்கிவிட்டு மறந்திருப்பீர்கள். அந்த மாற்றம் உங்கள் பிரவுசரோடு நின்றுவிடும். குரோமுக்கு அடிப்படையான குரோமியம் திட்டத்தில் ஒரு வசதிக்கான நிரல் உள்ளே வந்துவிட்டாலும் அது எல்லோருக்கும் திறக்க நாளாகும்: முன்மாதிரி செய்யப்போகிறோம் என்று பொதுவில் அறிவிப்பார்கள், ஃபயர்பாக்ஸ், சஃபாரி குழுக்களின் நிலைப்பாட்டைக் கேட்பார்கள், கடைசியில் ஏபிஐ பொறுப்பாளர்களில் 3 பேர் சம்மதித்தால்தான் வெளியீடு. அதன் பிறகும் சில வசதிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திறந்துவிடுவார்கள்.

அப்புறம், அந்த வசதிக்கு ஆரிஜின் டிரயல் (பதிந்த தளங்களுக்கு மட்டும் வசதியைச் சில காலம் திறந்துவிடும் சோதனை) நடக்கிறதா என்று பாருங்கள். நடந்தால் உங்கள் தளத்தைப் பதிந்து டோக்கன் (அனுமதிக் குறியீடு) வாங்கி, பக்கத்தின் மெட்டா டேகிலோ சர்வர் அனுப்பும் எச்டிடிபி ஹெடரிலோ சேர்த்தால் பயனர்களுக்கும் ஓடும். ஆனால் டோக்கனுக்குக் காலாவதி உண்டு, சோதனை முடிந்ததும் வசதியே காணாமல் போகலாம், குரோமில் திறக்கும் மொத்தப் பக்கங்களில் அதன் பயன்பாடு 0.5 சதவீதத்தைத் தாண்டினாலும் பொதுவாக நிறுத்திவிடுவார்கள். அதனால் தயவுசெய்து பதிப்பு எண்ணை நம்பி எதையும் எழுதாதீர்கள். ஏபிஐ இருக்கிறதா என்று நிரலிலேயே சோதித்து, இல்லாவிட்டால் பழைய வழியில் ஓடும்படி செய்யுங்கள்.