நேற்று நடந்தவரால் இன்று ஏன் முடியவில்லை?

"நேற்று மாடிப்படி ஏறினார், இன்று முடியவில்லை என்கிறார். பார்க்க நன்றாகத்தானே இருக்கிறார்?" என்று உடன் வேலை பார்ப்பவரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே உண்மையாக இருக்கலாம்.

எனக்கு இருப்பது மயஸ்தீனியா கிராவிஸ் என்ற அரிய தசைத் தளர்ச்சி நோய். அதை வைத்தே சொல்கிறேன். நரம்பு இடும் கட்டளையைத் தசைக்குக் கொண்டுபோவது அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள். அதை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளை என் நோயெதிர்ப்பு மண்டலமே தாக்குகிறது. அதனால் ஒரே தசைக்குத் தொடர்ந்து வேலை கொடுத்தால் அது ஓய்ந்துவிடும். ஓய்வு கொடுத்தால் ஓரளவு மீளும். காலையில் தலை வாரிய கையை மாலையில் தூக்க வராது. சாப்பாட்டின் நடுவில் மெல்ல முடியாமல் போகும். இமை தொங்கினால் "ராத்திரி தூங்கலையா?" என்பார்கள். காய்ச்சல், வெயில், சில ஆன்டிபயாடிக் மருந்துகள்கூட நிலைமையை மோசமாக்கும்.

ஆரம்பத்தில் ஒரு மருத்துவர், "டென்ஷனைக் குறையுங்கள்" என்று அனுப்பிவிட்டார். அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் கணக்கில் 2,000 பேரில் ஒருவருக்கு மேல் வராததே அரிய நோய். அப்படிப்பட்டவை ஆயிரக்கணக்கில் உண்டு. பெயர் தெரியவே பலருக்கு ஆண்டுகள் ஆகின்றன.

எனக்கு நோயைவிட அலுப்பு தருவது அதை நிரூபிப்பதுதான். சிரித்தால் "சரியாயிடுச்சா?", படுத்தால் "மறுபடியுமா?"

உங்கள் நண்பரிடம் நோயின் பெயரைத் துருவ வேண்டாம். "இன்னிக்கு எப்படி இருக்கு, லிஃப்ட்ல போகலாமா?" என்று கேளுங்கள். "வேண்டாம், ஏறுகிறேன்" என்றால் அதையும் நம்புங்கள்.