நாடகத்தில் அவன் திருந்தினால் போதுமா?

கேள்வி: எங்கள் தோட்டக் கோயில் திருவிழாவின் இரண்டாம் நாள் இரவு, மகளிர் பிரிவும் இளைஞர் மன்றமும் சேர்ந்து 40 நிமிட நாடகம் போடுகிறோம். எழுதியவர் என் அண்ணன். கணவன் குடித்துவிட்டு அடிக்கிறான், மனைவி எல்லாவற்றையும் பொறுத்துப் போகிறாள். அவன் படுத்த படுக்கையானதும் அவள் பணிவிடை செய்ய, மனம் திருந்தி அவள் காலில் விழுகிறான். ஒத்திகை பார்க்க வந்த பக்கத்து லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) அக்கா ஒருவர், அடிக்கும் காட்சியில் எழுந்து போய்விட்டார். அதிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. "இது நம்ம பண்பாடு, மாத்த முடியாது" என்கிறார் அண்ணன். இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. என்ன செய்யலாம்?
வாசகி, சுங்கை சிப்பூட், பேரா

பதில்:

அன்புச் சகோதரி,

நாடகத்தை நிறுத்த வேண்டாம், மாற்றுங்கள். ஐந்து வாரம் தாராளமாகப் போதும்.

அடிவாங்கும் மனைவியை மேடையில் காட்டுவதில் தவறே இல்லை. அவள் ஏன் அந்த வீட்டில் இருக்கிறாள் என்பதைக் காட்டாமல், இருப்பதையே பெருமையாக்கிவிடும்போதுதான் நாடகம் கெடுகிறது. உங்கள் அண்ணன் கதையில், அவள் பட்டதற்கெல்லாம் கூலியாக அவன் திருந்துகிறான். கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணுக்கு அது என்ன சொல்கிறது? இன்னும் கொஞ்சம் பொறு, அவன் திருந்துவான் என்கிறது. அவன் திருந்தாவிட்டால், நீ பொறுத்தது போதவில்லை என்று பழியும் அவள் தலையில் விழுகிறது.

அண்ணனின் வாதத்தை முதலில் பார்ப்போம். பொறுமைக்கு எல்லாரும் காட்டுவது கண்ணகியை. கோவலன் மாதவியிடம் இருக்கும் காலத்தில், சோம குண்டம் சூரிய குண்டத்தில் மூழ்கிக் காமவேளைத் தொழுதால் கணவன் திரும்பி வருவான் என்று தோழி தேவந்தி சொல்கிறாள். அது பெருமையன்று என்று கண்ணகி அங்கேயே மறுத்துவிடுகிறாள். பிறகு மதுரையில், கொலைக்களக் காதையில், கோவலனின் முகத்துக்கு நேரே "போற்றா ஒழுக்கம் புரிந்தீர்" என்கிறாள். அரசனிடம் அவள் பேசியதை ஊரே ஒப்பிக்கும். புருஷனிடம் பேசியதை யாரும் மேடையேற்றுவதில்லை. கணவனைக் கூடையில் சுமந்த நளாயினி கதையும் நம்மிடம்தான் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. இரண்டில் எதை எடுப்பது என்பது எழுதுகிறவரின் தேர்வு. அந்தத் தேர்வுக்கு அண்ணன்தான் பொறுப்பு, பண்பாட்டைக் கேடயமாகப் பிடிக்க வேண்டாம்.

தொலைக்காட்சித் தொடர்களில் மருமகள் நூறு எபிசோடு அழுவதற்கு ஒரு காரணமாவது உண்டு. பிரச்சினை தீர்ந்தால் தொடர் முடிந்துவிடும். அதனால் அவள் வாய் திறக்கப் போகும் ஒவ்வொரு முறையும் யாராவது கதவைத் தட்டுவார்கள், இல்லையென்றால் யாருக்காவது சத்தியம் செய்து கொடுத்திருப்பாள். 40 நிமிட நாடகத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

இப்போது வேலைக்கு வருவோம். பிரதியை எடுத்து மனைவியின் வசனங்களுக்கு மட்டும் கோடு போடுங்கள். "வேண்டாங்க", "விட்டுடுங்க", "என் தலையெழுத்து" போன்ற கெஞ்சலும் புலம்பலும் ஒரு நிறம். அவளாக எதையாவது கேட்பது, மறைப்பது, பொய் சொல்லிச் சமாளிப்பது, திட்டம் போடுவது இன்னொரு நிறம். இரண்டாவது நிறம் பக்கத்துக்கு ஒன்றுகூடத் தேறவில்லை என்றால் அங்கே ஒரு மனுஷி இல்லை. உண்மையில் இப்படி வாழும் பெண் நாள் முழுக்கக் கணக்குப் போட்டுக்கொண்டே இருப்பாள். மோட்டார் சைக்கிள் வளைவில் திரும்பும் சத்தத்திலேயே அவன் எந்த நிலையில் வருகிறான் என்று கண்டுகொள்வாள். பிள்ளைகளுக்கு அவசரமாகச் சோறு ஊட்டிப் படுக்க வைப்பாள். கத்தியையும் கனமான சட்டியையும் அலமாரிக்குள் தள்ளுவாள். பத்து வெள்ளித் தாளைச் சுருட்டி அரிசி டின்னின் அடியில் செருகுவாள். இத்தனையையும் வசனமே இல்லாமல் ஒன்றரை நிமிடத்தில் காட்டலாம். முதல் காட்சியாக இதையே வையுங்கள். அவன் மேடைக்கு வருவதற்கு முன்பே கூட்டத்துக்கு அவனைப் பற்றித் தெரிந்துவிடும்.

குடிகாரன் பாத்திரத்தில் ஒரு ஆபத்து இருக்கிறது. நம் மேடையில் ஒருவன் தள்ளாடினாலே சிரிப்பு வரும். சிரித்த கூட்டம் அவன் பக்கம் சாய்ந்துவிடும். இரண்டு நிமிடம் கழித்து அவன் கையை ஓங்கும்போதும் முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் சிரித்துக்கொண்டேதான் இருப்பார்கள். மனைவி வேடத்தில் சேலை கட்டிய பையன் நின்றால் கேட்கவே வேண்டாம், அடி முழுக்க வேடிக்கையாகிவிடும். அந்த வேடத்தைப் பெண்தான் ஏற்க வேண்டும். தள்ளாட்டத்தையும் எடுத்துவிடுங்கள். அதைவிட முக்கியமானது, சம்சுவின் (மலிவுச் சாராயம்) மேல் பழியைப் போட்டு அவனைத் தப்பவிடக் கூடாது. யாரை அடிப்பது என்று சம்சு முடிவு செய்வதில்லை. அரை நிமிடக் காட்சி ஒன்று சேருங்கள். குடித்துவிட்டு வரும் வழியில், தோட்ட வேலையை மேற்பார்க்கும் மண்டோர் எதிரே வருகிறார். இவன் சட்டையைச் சரிசெய்து, குரலை இறக்கி, "சரிங்கய்யா, காலையில பெரட்டுக்கு வந்துடுறேன்" என்கிறான். அடுத்த காட்சியில் வீட்டுக்குள் நுழைகிறான். இதைப் பார்த்தபின் "பாவம், போதையில செஞ்சிட்டான்" என்று யாரும் சொல்ல முடியாது.

அடியை மேடையில் காட்டவே வேண்டாம். 1916இல் அமெரிக்காவில் சூசன் கிளாஸ்பெல் எழுதிய 'டிரைஃபிள்ஸ்' என்ற ஓரங்க நாடகத்தில், கொடுமைப்பட்ட மனைவி மேடைக்கே வருவதில்லை. அவள் சமையலறைக்கு வரும் இரண்டு பெண்கள், நேர்த்தியாகப் போய்க்கொண்டிருந்த தையல் திடீரென்று கோணியிருப்பதையும், கதவு பிய்ந்த பறவைக் கூண்டையும், கழுத்து முறிந்த சின்னப் பறவையையும் பார்த்தே எல்லாவற்றையும் புரிந்துகொள்கிறார்கள். உங்களுக்கு லயத்துச் சுவர் இருக்கிறது. மேடையை இரண்டாகப் பிரித்து ஒரு பலகைத் தட்டியை நிறுத்துங்கள். சண்டை தொடங்கியதும் அந்தப் பக்கத்து விளக்கை அணைத்துவிட்டு, பக்கத்து வீட்டில் மட்டும் வெளிச்சம் விடுங்கள். அங்கே ஒரு பெண் குழம்பு கிளறுகிறாள். தட்டிக்குப் பின்னால் ஒரே ஒரு சத்தம். அவள் கை நிற்கிறது. புருஷனைப் பார்க்கிறாள். அவன் எழுந்து போய்த் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுகிறான். அவள் மறுபடியும் கிளறுகிறாள். பின்னணி இசை கூடவே கூடாது. கீபோர்டுக்காரரிடம் முன்கூட்டியே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பழக்கத்தில் சோக வயலினை இழுத்துவிடுவார். இசை வந்தால் கூட்டம் அவளுக்காக அழுதுவிட்டு நிம்மதியாகிவிடும். இசை இல்லாவிட்டால், அந்தச் சத்தத்தைக் கூட்டியவன் யார் என்று ஒவ்வொருவரும் யோசிப்பார்கள்.

அவள் ஏன் போகவில்லை என்பதற்கு வருவோம். "கல்லானாலும் கணவன்" என்று அவளே சொல்வதாக அண்ணன் எழுதியிருந்தால் அதை அடித்துவிடுங்கள். அவள் அம்மா சொல்லட்டும், அவள் பதில் பேசாமல் நிற்கட்டும். உண்மையான காரணங்கள் மண்ணில் கிடக்கின்றன. குடியிருப்பது தோட்டத்து வீடு, அது அவன் வேலையோடு சேர்ந்தது. அவள் வெளியேறினால் வீடும் போகும். உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கிச் சம்பாதிக்கும் அவள் சம்பளம் வங்கியில் விழுகிறது, கார்டு அவன் சட்டைப் பையில். பிள்ளைகளின் சூராட் பெரானாக்கை (பிறப்புப் பத்திரம்) அவன் பூட்டி வைத்திருக்கிறான். தமிழ்ப்பள்ளி நடந்து போகும் தூரம், வேறு ஊருக்குப் போனால் பிள்ளைகள் படிப்பு என்னாவது? இவற்றில் மூன்றைப் போகிற போக்கில் காட்டினால் போதும். "ஏன் இன்னும் இவனோட இருக்கா?" என்று கேட்கும் வாய் தானாக அடங்கும்.

இப்போது திருந்தும் காட்சி. மன்னிப்புக் கேட்பதைக் கடைசியில் ஒரே ஒரு தடவை வைத்தால் அது முடிவு போலத் தெரியும். நிஜத்தில் அது ஒரு சுற்றின் பாகம். வீட்டில் இறுக்கம் ஏறும், அடி விழும், பிறகு கெஞ்சலும் கொஞ்சலும், பிறகு மறுபடியும் இறுக்கம். ஆகவே மூன்று தடவை வையுங்கள். முதல் அடிக்கு மறுநாள், பாசார் மாலாம் இரவுச் சந்தையிலிருந்து அவளுக்குப் பிடித்த மீ கோரெங் பொட்டலத்தோடு வருகிறான், கண் கலங்குகிறான். கூட்டம் நெகிழும், நெகிழட்டும். இரண்டாம் தடவை அதே பொட்டலத்தை மகளிடம் கொடுத்தனுப்புகிறான். கூட்டத்தில் முணுமுணுப்பு கேட்கும். மூன்றாம் தடவை வாசலில் பிளாஸ்டிக் பையின் சரசரப்பு மட்டும் போதும், எல்லாருக்கும் புரிந்துவிடும். நோயில் விழும் காட்சியை முழுவதுமாக எடுத்துவிடுங்கள். நோயாளிக்குக் கஞ்சி கொடுப்பது மனிதத்தன்மை, அதை அடிவாங்கியதற்கான பரிசாக மாற்றுவதுதான் தப்பு.

அவள் வெளியேறுவதாக முடிப்பீர்கள் என்றால், புருஷனைப் பார்த்து ஐந்து நிமிடம் வீரவசனம் பேசிவிட்டு நடுராத்திரியில் தனியாக நடந்து போவதாக வைக்காதீர்கள். கைத்தட்டல் விழும், ஆனால் அதைப் பார்த்து யாராவது அப்படியே செய்தால் உயிருக்கே ஆபத்து. இப்படிப்பட்ட உறவில் பெண் விட்டுப் போகும் நேரமும் போன உடனேயும் தாக்குதல் மிகக் கொடூரமாகும். அவன் வேலைக்காட்டுக்குப் போன பிறகு, பகலில், ஒரு சொல்கூடச் சொல்லாமல் அவள் புறப்படட்டும். பையில் என்ன இருக்க வேண்டும் என்று கூட்டம் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும்: அடையாள கார்டு, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், திருமணப் பதிவுப் பத்திரம், வங்கிப் புத்தகம், மருந்து, கொஞ்சம் ரொக்கம். அந்தப் பை சில நாளாகவே பக்கத்து வீட்டில், அன்றைக்கு சத்தத்தைக் கூட்டினார்களே, அதே வீட்டில் இருந்ததாகக் காட்டுங்கள். அந்தப் பெண் மனம் மாறியதற்கு வேறு வசனமே வேண்டாம்.

இந்த முடிவை ஊர் ஏற்காது என்று அண்ணன் சொல்வார். இந்தச் சண்டை பழையது. 1879இல் நார்வே நாடக ஆசிரியர் இப்சன் எழுதிய 'பொம்மை வீடு' நாடகத்தில் மனைவி நோரா வீட்டைவிட்டுப் போகிறாள். ஜெர்மனியில் நாயகியாக நடிக்க இருந்தவர் அந்த முடிவை நடிக்க மறுத்ததால், பிள்ளைகளைப் பார்த்து அவள் தங்கிவிடுவதாக இப்சனே வேறொரு முடிவு எழுதிக் கொடுத்தார். அதைத் தன் நாடகத்துக்குச் செய்த கொடுமை என்றும் அவரே சொன்னார். இன்றும் உலகமெங்கும் நடிப்பது அவர் முதலில் எழுதியதைத்தான்.

போலிஸ் காட்சி வைத்தால் சரியாக வையுங்கள். "இது குடும்ப விஷயம், வீட்டுக்குப் போம்மா" என்று அனுப்பிவிடும் காட்சி பல நாடகங்களில் வருகிறது. அதைப் பார்ப்பவர்களுக்கு நிலையத்துக்குப் போகும் துணிவே வராது. மலேசியாவில் 1994ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் 1996 முதல் நடப்பில் இருக்கிறது. 2012 திருத்தத்துக்குப் பின் மனத்தளவில் செய்யும் கொடுமையும் அதில் அடங்கும். கோயிலில் தாலி கட்டிப் பதிவு செய்யாமல் வாழ்கிறவர்களுக்கும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு, தோட்டப்புறத்தில் இது பலருக்குத் தெரியாது. எந்தப் போலிஸ் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். காயம் இருந்தால் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய், எப்படி நடந்தது என்று உள்ளபடி சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். "குளியலறையில் வழுக்கி விழுந்தேன்" என்று சொன்னால் அந்தப் பதிவே பிறகு அவளுக்கு எதிராக நிற்கும். அடியோ, அடி விழும் என்ற பயமோ இருந்தால், சமூக நல இலாகா அதிகாரி 7 நாளைக்கு அவசரப் பாதுகாப்பு ஆணை கொடுக்கலாம். அதற்கு முன்கூட்டியே போலிஸ் புகார் இருக்க வேண்டியதில்லை. விசாரணை நடக்கும்போதும் வழக்கு நடக்கும்போதும் நீதிமன்றம் தனித்தனியாகப் பாதுகாப்பு ஆணை தரும். இதையெல்லாம் பாடம் போல ஒப்பிக்க வைக்காதீர்கள். நிலையத்து மேசையில் ஒரு பெண் போலிஸ் கேட்கும் இரண்டு மூன்று கேள்வியிலேயே வந்துவிடும். கடைசிக் காட்சியிலேயே விவாகரத்து கிடைத்துவிட்டதாகவும் காட்ட வேண்டாம். ஒருதலையாக மனுப் போடுவதற்கு முன் பொதுவாகச் சமரசக் குழுவிடம் போயாக வேண்டும், அதற்கு மாதக்கணக்காகும்.

எழுந்து போன அந்த அக்காவைப் பற்றி. அவர் ஏன் போனார் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள், மகளிர் பிரிவில் பேச்சாக்கவும் வேண்டாம். அவர் தனியாக இருக்கும் நேரம் பார்த்துப் போங்கள். "அன்னைக்கு அந்தக் காட்சி உங்களுக்குக் கஷ்டமா இருந்துச்சாக்கா? மாத்துறோம்" என்று சொல்லி நிறுத்துங்கள். அவர் பேசினால் கேளுங்கள். "ஏன் இத்தனை நாள் சும்மா இருந்தீங்க?" என்ற கேள்வியும், "உடனே விட்டுட்டு வாங்க" என்ற கட்டளையும் வேண்டாம். வாட்ஸ்அப்பில் எதுவும் அனுப்பாதீர்கள், கைப்பேசியை வேறு யாராவது பார்க்கக்கூடும். அவர் சொன்னதில் ஒரு வரிகூட நாடகத்துக்குள் வரக் கூடாது. தோட்டத்தில் யார் வீட்டுக் கதை என்று கண்டுபிடிக்க ஒரு நிமிடம் ஆகாது.

இரண்டாவது வார முடிவுக்குள் பிரதியை முடித்து, மகளிர் பிரிவில் நான்கைந்து பேர் முன் வாசித்துக் காட்டுங்கள், அண்ணனும் கூட இருக்கட்டும். நாடகத்தன்று, முடிந்ததும் அறிவிப்பாளர் தாலியான் காசே உதவித் தொலைபேசி எண்ணைச் சொல்லட்டும். 15999, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள். "உங்களுக்குத் தெரிந்தவர்கள் யாருக்காவது உதவும்" என்று சொல்லச் சொல்லுங்கள், அப்போது குறித்துக்கொள்கிறவர்களை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இருக்கையில் துண்டுத்தாள் கொடுக்காதீர்கள், பக்கத்தில் புருஷன் உட்கார்ந்திருப்பான். பெண்கள் கழிவறைக் கதவின் உட்புறத்தில் ஒட்டுங்கள், கிழித்தெடுக்கும்படி சின்னச் சின்னச் சீட்டுகளாக. சீட்டில் எண் மட்டும் இருக்கட்டும். 'கொடுமைக்கு ஆளான பெண்களுக்கு' என்று தலைப்புப் போட்ட தாள் கைப்பையில் அகப்பட்டால், அன்றைக்கு இரவே அதற்கும் அடி விழும்.