கொடித்தோடை (பாஷன் புரூட்) பூத்தும் காய்க்காதது ஏன்?

கிளிநொச்சியிலிருந்து: ஐயா, பந்தல் முழுக்கப் பூ. ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை. உரம் போதவில்லையா?

பதில்: எத்தனை கொடி வைத்திருக்கிறீர்கள், தம்பி? ஒன்றுதான் என்றால் உரத்தைக் குறை சொல்லாதீர்கள். வன்னி வெயிலுக்கு ஏற்றது மஞ்சள் பழ இனம். அதன் பூ தன் மகரந்தத்தை ஏற்காது. அதே கொடியில் தடி வெட்டி நட்டதன் மகரந்தமும் உதவாது. வேறு விதையில் முளைத்த இன்னொரு கொடி பக்கத்தில் வேண்டும்.

இந்தப் பூ மத்தியானம்தான் விரியும், இரவில் மூடிவிடும். அதற்குள் கருவண்டு வந்தாக வேண்டும். காய்ந்த மரத்தைத் துளைத்துக் கூடு வைக்கும் பெரிய வண்டு அது. ஆகவே வேலியோரம் உலர்ந்து நிற்கும் கட்டைகளை எல்லாம் விறகாக்கிவிடாதீர்கள்.

வண்டு வராவிட்டால் பிற்பகல் மூன்று மணியளவில் பந்தலின் கீழ் நில்லுங்கள். பூவின் நடுவே தூள் அப்பிய ஐந்து மகரந்தப் பைகளும், மேலே மகரந்தத்தை ஏற்கும் மூன்று சூல்முடிகளும் தெரியும். சூல்முடிகள் கீழே வளைந்த பிறகு, மற்றக் கொடியின் பூவில் விரலை ஒற்றி எடுத்து அவற்றில் தடவுங்கள். என் வளவில் இது பேத்தியின் வேலை. அவளுடைய சின்ன விரல் என் விரலைவிட நன்றாகப் படுகிறது. மழை நாளில் முயல வேண்டாம், நனைந்த மகரந்தம் வெடித்துப்போகும்.

புதுக்குடியிருப்பிலிருந்து: மாரியில் இரண்டு கொடிகள் வாடிச் செத்துவிட்டன, ஐயா. தண்ணீருக்குக் குறைவே இல்லை.

பதில்: தண்ணீர் தேங்கித்தான் வேர் அழுகியிருக்கும், தங்கச்சி. மண்ணைக் கூட்டி மேடாக்கி நடுங்கள். செத்த குழியில் மறுபடி வைக்காதீர்கள். சோளகக் காற்று வீசும் வறண்ட மாதங்களில் நேர்மாறு: அடியில் சருகு பரப்பி, தவறாமல் நீர் விடுங்கள். காய்ந்தால் பூவும் பிஞ்சும் கொட்டும்.

நெடுங்கேணியிலிருந்து: எப்போது பறிக்கலாம்?

பதில்: பறிக்கவே வேண்டாம், பழுத்தால் தானே விழும். பூத்து இரண்டு, இரண்டரை மாதம் ஆகும். தோல் சற்றுச் சுருங்கினால் புளிப்புக் குறையும். பச்சைக் காயைப் பிள்ளைகள் தின்னவிடாதீர்கள். அதில் சயனைடை வெளிவிடும் பொருள் இருக்கிறது.

வவுனியாவிலிருந்து: மிக்சியில் அடித்தால் சாறு கசக்கிறதே, அண்ணா?

பதில்: விதை நொறுங்கியதால் வந்த கசப்பு. உள்ளீட்டைச் சீனியோடு கரண்டியால் கலக்கிக் கால் மணி நேரம் வையுங்கள், சாறு தானாகப் பிரியும். வடித்து, தண்ணீரும் ஒரு சிட்டிகை உப்பும் சேருங்கள். எனக்கென்றால் வடிக்கவும் தேவையில்லை: பழத்தை இரண்டாகப் பிளந்து, விதையோடு கரண்டியால் அள்ளிச் சாப்பிடுவேன்.