நோட்டு வீட்டுக்கு வரும், கையெழுத்து போடுவேன்

கேள்வி:

அன்புள்ள அக்காவுக்கு,

எண்ணூருக்கு வடக்கே ஒரு மீனவக் குப்பத்திலிருந்து எழுதுகிறேன். என் மகள் எங்கள் பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளியில் எட்டாவது படிக்கிறாள். சுற்றியுள்ள ஏழெட்டு ஊர்களுக்கும் அது ஒன்றுதான் பெரிய பள்ளி. நன்றாகப் படிக்கிற பெண். ஆனால் போன ஜூனிலிருந்து கணக்கு டீச்சர் இல்லை. கக்கூஸில் தண்ணீர் வராது. காலையில் நிரப்பிக் கொடுக்கிற பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வருகிறது. குடித்தால் போக வேண்டி வருமே என்று குடிப்பதே இல்லையாம். கண்ட ஊர்ப் பிள்ளைகளும் வருவதால் சேர்க்கையும் சரியில்லை.

வீட்டுக்காரருக்கு ஆற்றில் பாடு குறைந்துபோனதால் துறைமுகத்தில் ஒப்பந்த வேலைக்குப் போகிறார். நான் மீன் விற்கிறேன். கொழுந்தனார் பிள்ளைகள் இரண்டு பேரும் திருவொற்றியூரில் மெட்ரிக் பள்ளியில் படிக்கிறார்கள். 'நகையை வைத்தாவது இவளையும் ஒன்பதாவதுக்கு அங்கே சேர்த்துவிடு' என்கிறார். ஃபீஸும் வேனும் சேர்த்து வருஷத்துக்கு 60,000 ரூபாய் ஆகும். பள்ளிக்கூடத்தில் என்னையும் ஏதோ ஒரு குழுவில் உறுப்பினராகப் போட்டிருக்கிறார்கள். மாசம் ஒரு தடவை நோட்டு வீட்டுக்கு வரும், கையெழுத்து போடுவேன். அந்தப் பழக்கம் இருப்பதால் டி.சி. வாங்குவது கஷ்டமில்லை. மாற்றலாமா அக்கா? அவள் எதிர்காலத்தை நினைத்தால் தூக்கம் வரவில்லை.

பதில்:

தங்கச்சி, ஊர்ப் பெயரையும் பள்ளியின் பெயரையும் எழுதியிருந்தீர்கள். இரண்டையும் எடுத்துவிட்டேன். இதே கடிதம் வேறு வேறு ஊர்களிலிருந்து எனக்கு வந்துகொண்டேதான் இருக்கிறது. டீச்சர் இல்லை, தண்ணீர் இல்லை, சேர்க்கை சரியில்லை, நகையை வைக்கலாமா. கவலைப்படாதீர்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லப்போவதில்லை. உங்களுடையதில் மட்டும் ஒரு வரி கூடுதலாக இருக்கிறது. மாசம் ஒரு தடவை நோட்டு வரும், கையெழுத்து போடுவேன். அதையும் டி.சி. சுலபமாகக் கிடைக்கும் என்று சொல்வதற்காகத்தான் எழுதியிருக்கிறீர்கள்!

அது என்ன நோட்டு என்று ஒரு தடவையாவது பிரித்துப் பார்த்தீர்களா?

நீங்கள் 'ஏதோ ஒரு குழு' என்கிறீர்களே, அதற்குப் பெயர் பள்ளி மேலாண்மைக் குழு. 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம் அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்கிறது. நம் மாநிலத்தில் 2022-ல் எல்லா அரசுப் பள்ளிகளிலும் இதைப் புதிதாக அமைத்தார்கள், 2024-ல் மறுபடி அமைத்தார்கள். தலைவராக இருக்க வேண்டியவர் ஹெச்.எம். இல்லை, ஒரு பெற்றோர். பள்ளிக்கு என்ன வேண்டும் என்று திட்டம் எழுதுவது அந்தக் குழுவின் வேலை. ஆசிரியர் ஒழுங்காக வருகிறாரா, பிள்ளைகள் வருகிறார்களா, வந்த பணம் எங்கே போயிற்று என்று பார்ப்பதும் அதன் வேலைதான்.

வீட்டுக்கு வந்த நோட்டில் என்ன எழுதியிருக்கும் என்று நான் சொல்கிறேன். இன்ன தேதி, இன்ன நேரத்தில் கூட்டம் நடந்தது. உறுப்பினர்கள் கலந்துகொண்டார்கள். கழிப்பறைப் பராமரிப்பு பற்றிப் பேசப்பட்டது. தீர்மானங்கள் ஒருமனதாக நிறைவேறின. அதற்குக் கீழே வரிசையாகக் கையெழுத்துகள், அதில் ஒன்று உங்களுடையது. கூட்டம் நடந்திருக்காது, நடந்திருந்தாலும் நீங்கள் போகவில்லை. கக்கூஸில் தண்ணீர் இல்லை என்று எனக்கு நான்கு பக்கம் எழுதத் தெரிந்த நீங்கள், எல்லாம் பேசி முடித்தாயிற்று என்று மாசாமாசம் அரசாங்கத்துக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். நாளைக்கு மேலேயிருந்து ஒரு அதிகாரி வந்து கேட்டால், ஹெச்.எம். அந்தப் பக்கத்தைத்தான் திருப்பிக் காட்டுவார்.

கணக்கு டீச்சர் விஷயத்தைக் கேட்டால் இன்னும் வயிறு எரியும். 2022-ல் அரசுப் பள்ளிகளில் காலியிடங்களுக்குத் தற்காலிக ஆசிரியர்களை வைத்துக்கொள்ளும் பொறுப்பை இந்தக் குழுவிடம்தான் கொடுத்தார்கள். அப்போது பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் 10,000 ரூபாய், முதுகலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய் என்று தொகுப்பூதியமும் சொன்னார்கள். அந்தச் சம்பளத்துக்கு யார் வருவார் என்று கேட்பது நியாயம்தான். ஆனால் எண்ணூரிலிருந்து மீஞ்சூர் வரை பி.எட். முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள் தெருவுக்கு ஒருத்தி இருக்கிறாள். இடம் காலி என்று குழு கூடிப் பேசி, எழுதி, துரத்தியிருந்தால் உங்கள் மகள் ஒரு வருஷம் கணக்கு இல்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. துரத்தாத ஆட்களில் நீங்களும் ஒருவர்.

நான் எட்டாவதுகூடத் தாண்டவில்லை, ஹெச்.எம். முன்னால் என்ன பேசுவது என்பீர்கள். மகளிர் குழுவில் இருப்பீர்கள்தானே? உங்கள் பக்கத்தில் இல்லாத வீடே கிடையாது. அந்த நோட்டில் யாராவது 50 ரூபாயைக் குறைத்து எழுதிவிட்டுக் கையெழுத்து கேட்டால் போடுவீர்களா? தெருவே கூடிவிடும். விடியற்காலை ஏலத்தில் ஆம்பளைகளுக்கு நடுவே நின்று, ஒரு கூடை இறாலுக்கு நூறு ரூபாய் குறைக்க முக்கால் மணி நேரம் வாதாடுகிறவர் நீங்கள். எனக்குப் பேச வராது என்ற கதையை வேறு யாரிடமாவது சொல்லுங்கள்.

நேரம் ஒத்துவரவில்லை என்றால் அது வேறு. கூட்டம் மத்தியானம் மூன்று மணிக்கு வைத்தால் நீங்கள் மீன் கூடையோடு மார்க்கெட்டில் இருப்பீர்கள். ஹெச்.எம்.முக்கும் அது தெரியும். எத்தனையோ தடவை சொல்லியனுப்பி யாரும் வராமல்தான் நோட்டையே வீட்டுக்கு அனுப்ப ஆரம்பித்திருப்பார். அவரையும் முழுக்கக் குற்றம் சொல்ல மாட்டேன். ஐந்து மணிக்கு வையுங்கள், வருகிறோம் என்று கேட்டீர்களா? கேட்கவில்லை. நோட்டு வாசலுக்கு வருவது வசதியாகத்தானே இருந்தது?

சேர்க்கை சரியில்லை என்பதற்கு அதிகம் சொல்ல மாட்டேன். கண்ட ஊர்ப் பிள்ளைகள் என்கிறீர்களே, அந்த ஊர்களில் ஒவ்வொன்றிலும் உட்கார்ந்துகொண்டு உங்கள் குப்பத்துப் பிள்ளைகளையும் இதே வார்த்தையால்தான் சொல்வார்கள். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தை மூடியபோது யார் ஊர் என்று பார்த்தா படகில் ஏறிப் பக்கெட்டில் அள்ளினீர்கள்? எல்லா ஊர் வலையும் ஒரே மாதிரிதான் கறுத்துப்போனது.

எனக்கு இதில் ஒளிவுமறைவு கிடையாது, சொல்லிவிடுகிறேன். தாய் தன் பிள்ளையை மட்டும் பார்த்தால் போதும் என்று நினைக்கிற ஆள் நான் இல்லை. ஏழெட்டு ஊர்த் தாய்மார்கள் சார்பில் உங்களை அந்தக் குழுவில் உட்கார வைத்தார்கள். அந்த இடத்தைத் தூசி தட்டக்கூடச் செய்யாமல், அதில் கிடைத்த பழக்கத்தை வைத்து உங்கள் பிள்ளையை மட்டும் வெளியே கூட்டிக்கொண்டு போகப் பார்க்கிறீர்கள். மற்ற பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமல் அங்கேயே இருக்கட்டும், அப்படித்தானே? பதிமூன்று வயதுப் பெண் காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீர் குடிக்காமல் இருந்தால் நீர்க்கடுப்பும் சிறுநீர்த் தொற்றும் வரும். மாதவிலக்கு நாட்களில் பள்ளிக்கே வராமல் நின்றுவிடுவாள். இது உங்கள் மகள் ஒருத்தியின் வியாதி இல்லை, அந்தப் பள்ளியில் படிக்கிற எல்லாப் பெண்களுக்கும் இதுதான் நடக்கும்.

நோட்டில் எழுதினால் என்ன ஆகிவிடும் என்று அலட்சியமாக இருக்காதீர்கள். பழைய வண்ணாரப்பேட்டையில் தியாகராயா கல்லூரியைத் தாண்டிப் போயிருப்பீர்கள். அந்தப் பெயருக்குரிய பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920-ல், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்கலாம் என்று மன்றத்தில் ஒரு தீர்மானம் போட்டார்கள். இன்றைக்கு உங்கள் பள்ளியில் வேகிற சத்துணவுக்குப் பழைய வேர் அங்கே இருக்கிறது. அதுவும் நாலு பேர் உட்கார்ந்து பேசி, நோட்டில் எழுதியதுதான்.

இப்போது நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். மாற்றலாமா?

உங்கள் கொழுந்தனார் ஃபீஸ் கணக்கைச் சொன்னார், போகிற கணக்கைச் சொல்லவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு என்று 2020-ல் சட்டம் வந்தது. அடுத்த வருஷம் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் எல்லாவற்றுக்கும் அதை நீட்டினார்கள். அந்த ஒதுக்கீட்டில் போகிற பிள்ளைக்குப் படிப்புக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசாங்கமே கட்டுகிறது. புதுமைப்பெண் திட்டத்தில் கல்லூரி முடிகிற வரை மாதம் 1,000 ரூபாய் பெண்ணின் கணக்கில் விழுகிறது. 2022 செப்டம்பரில் அதைத் தொடங்கியதே நம் பக்கத்தில், பாரதி மகளிர் கல்லூரியில்தான். இதற்கும் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். 2024 கடைசியில் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த பெண்களையும் சேர்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஃபீஸ் வாங்குகிற மெட்ரிக் பள்ளி இதில் வராது.

ஒன்பதாவதுக்கு டி.சி. வாங்கினீர்கள் என்றால் ஆறு, ஏழு, எட்டு என்று மூன்று வருஷம் படித்ததும் கணக்கில் வராமல் போகும். பன்னிரண்டாவதுக்கு மறுபடி கொண்டுவந்து சேர்த்தாலும் விட்டது விட்டதுதான். பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து அதே கும்மிடிப்பூண்டி ரயிலில் போய் வரலாம். ஆற்றில் மீன் ஏன் குறைந்தது என்று அவள் அப்பா இருபது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிற கேள்வியை அங்கே பாடமாகவே படிக்கலாம். அந்த வாசலைச் சாத்துவதற்கா வருஷம் 60,000 ரூபாய் கட்டப்போகிறீர்கள்?

அதோடு அந்தப் பணம் வருவது ஒப்பந்த வேலையிலிருந்து. பத்தாவது பரீட்சை நேரத்தில் ஒப்பந்தம் முடிந்து, அடகுக்கடை வட்டியும் நின்று, ஃபீஸ் பாக்கி என்று பிள்ளையை ஹாலுக்கு வெளியே நிறுத்தினால் கொழுந்தனார் வந்து கட்டுவாரா? கட்டுவார் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள், பார்ப்போம்.

அரசுப் பள்ளி என்றால் கண்ணை மூடிக்கொண்டு கும்பிடுகிற ஆள் இல்லை நான். பிள்ளைக்கு ஆபத்து என்றால், யாராவது தப்பாக நடந்துகொள்கிறார்கள் என்றால், ஒரு நாள்கூட யோசிக்காமல் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள் என்றுதான் சொல்வேன். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. இருப்பது ஒரு டீச்சர் காலியிடமும் ஒரு தண்ணீர்க் குழாயும்தான். இரண்டுமே நீங்கள் கையெழுத்து போடுகிற நோட்டுக்குள் வருகிற விஷயங்கள்.

அடுத்த மாசம் நோட்டு வரும்போது கையெழுத்து போடாதீர்கள். கூட்டம் என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று கேளுங்கள், நான் வருகிறேன் என்று சொல்லியனுப்புங்கள். மற்ற குப்பங்களிலிருந்தும் இரண்டு மூன்று உறுப்பினர் அம்மாக்களைக் கூட்டிக்கொள்ளுங்கள். மார்க்கெட்டில் தினம் பார்க்கிற முகங்கள்தான். போனதும் பழைய பக்கங்களை வாசிக்கச் சொல்லுங்கள். வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். நடக்காதது எதையெல்லாம் நடந்ததாக எழுதியிருக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். அப்புறம் இரண்டே தீர்மானம். கணக்கு ஆசிரியர் இடம் எந்தத் தேதியிலிருந்து காலி, அதை நிரப்பக் கேட்டு முதன்மைக் கல்வி அலுவலருக்கு எழுதுவது, அதுவரை தற்காலிகமாக ஆள் வைப்பது, இது ஒன்று. பெண்கள் கழிப்பறைக்குத் தண்ணீர், மோட்டார் பழுதா, குழாய் பழுதா, யார் பார்ப்பது, எந்தத் தேதிக்குள் என்பது இன்னொன்று. பொதுவாக 'நடவடிக்கை எடுக்கப்படும்' என்று எழுத விடாதீர்கள். எழுதி முடித்ததும் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, அதற்கு அப்புறம் கையெழுத்து போடுங்கள். மகளையும் கூட்டிக்கொண்டு போகலாம். அம்மா என்னத்துக்குக் கையெழுத்து போடுகிறாள் என்று அவளும் பார்க்கட்டும், இத்தனை நாள் வாசலில் நின்று வேறு விதமாகப் பார்த்தாள் அல்லவா?

உங்கள் வீட்டுக்காரர் இதைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. கொழுந்தனார் சொன்னது இருக்கிறது. வேலை முடிந்து வருகிற ஒரு சாயங்காலம் அவரையும் அந்தப் பள்ளி வாசல் வரை நடக்க வையுங்கள். அவரும் பெற்றோர்தான்.

ஜூனுக்கு இன்னும் நாள் இருக்கிறது. நகை பீரோவிலேயே இருக்கட்டும், டி.சி. பேச்சையும் எடுக்க வேண்டாம். கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து எழுதுங்கள். நோட்டைக் காட்ட மாட்டோம் என்றாலோ, கூட்டமே கிடையாது என்றாலோ அதையும் எழுதுங்கள். அப்போது அடுத்து யாருக்கு மனு போடுவது என்று பேசுவோம்.