தனிக் கிண்ணம்

அன்புள்ள ஐயா,

நகோயாவில் ஒரு ஜப்பானியக் குடும்பத்தோடு தங்கி மொழி படிக்கிறேன். மூன்று மாதம் ஆகிறது. மிசோ சூப்பில் மீன் வாடை, எதைக் கேட்டாலும் நேராகப் பதில் வராதது எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். வெந்நீர்த் தொட்டியில் வீடே ஒரே தண்ணீரில் இறங்குகிறது, அருவருப்பாக இருப்பதால் நான் குளித்ததும் தண்ணீரைத் திறந்துவிட்டுவிடுவேன். இப்போது என்னைக் கடைசியாகத்தான் குளிக்கச் சொல்கிறார்கள். தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்று ஜப்பானிய மொழி ஆய்வாளர் ஓனோ சுசுமு எழுதியதைச் சொல்லியும் பார்த்தேன், "ஹே..." என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

போன மாதம் அலமாரியிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்துச் சோறு போட்டுக்கொண்டேன். வீட்டம்மா "அது... சோத்தோ...", அதாவது "அது கொஞ்சம்..." என்று இழுத்து, சோற்றை வேறு கிண்ணத்துக்கு மாற்றிவிட்டார். ஒசாகாவில் வேலை பார்க்கும் மகனுடையதாம். மறுவாரம் நீலக்கோடு போட்ட கிண்ணமும் ஒரு ஜோடி குச்சியும் கொடுத்து, இனி உனக்கு இதுதான் என்றார். வேறு யாரும் அதில் சாப்பிடுவதில்லை. நம் ஊர் இரட்டைக் குவளைதான் ஞாபகம் வந்தது. பேசாமல் விடுதிக்கு மாறிவிடலாமா?

க.

அன்புள்ள க.,

முதலில் படித்தபோது கோபம் வந்தது, இரண்டாம் முறை சிரிப்பு. மொழி அரைகுறையாகத் தெரிந்த ஊரில், பசியோடு உட்கார்ந்திருக்கும்போது கையிலிருக்கும் கிண்ணத்தை ஒருவர் வாங்கிக்கொண்டால் எனக்கும் தொண்டை அடைத்திருக்கும். அதனால் திட்டைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறேன்.

மீன் வாடை தாஷியிலிருந்து வருவது. காய்ந்த கட்சுவோ மீனைச் சீவிப் போட்டு இறக்கும் சாறு அது, அங்கே பாதிச் சமையல் அதில்தான் நிற்கிறது. சைவம் என்றால் கொம்பு என்னும் கடற்பாசியில் இறக்கித் தரச் சொல்லுங்கள், செய்வார்கள். ஓனோ சுசுமுவின் கொள்கையை மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. அதைச் சோற்று மேசையில் அவிழ்த்துவிட்டிருக்கிறீர்கள், அவர்கள் "ஹே..." என்றதே பெரிய மரியாதை.

இப்போது கிண்ணம். தம்பி, அந்த அம்மா உங்களுக்குக் கிண்ணம் வாங்கிக் கொடுத்திருக்கிறார்! மூன்று மாதமாக அந்த வீட்டில் சாப்பிடுகிறீர்கள், அப்பாவின் கையில் தினமும் ஒரே கிண்ணம் இருப்பதைக் கவனிக்கவே இல்லையா? அம்மாவுடையது அதைவிட ஒரு சுற்று சின்னதாக இருக்கும். ஜப்பானில் பெரும்பாலான வீடுகளில் சோற்றுக் கிண்ணமும் குச்சியும், பல வீடுகளில் தேநீர்க் குவளையும், ஆளுக்கு ஒன்று. பேர் எழுதியிருக்காது, ஆனால் ஆள் மாறாது. வேடிக்கை என்னவென்றால் அதே வீட்டில் கறிச்சோறு சாப்பிடும் தட்டும் ஸ்பூனும் யாருக்கும் சொந்தமில்லை, எது கைக்கு வருகிறதோ அதை எடுத்துக்கொள்வார்கள். கழுவி வைத்த குச்சிதானே, அப்பாவுடையதை எடுத்தால் என்ன என்று அந்த வீட்டு மகளைக் கேட்டுப் பாருங்கள், முகத்தைச் சுளிப்பாள், காரணம் சொல்லத் தெரியாது.

பழைய காலத்தில் மேசையே கிடையாது. ஹாகோசென் என்று ஆளுக்கொரு மரப்பெட்டி. மூடியைத் திருப்பிப் போட்டால் அதுதான் தட்டு மேடை. சாப்பிட்டு முடித்ததும் கிண்ணத்தில் வெந்நீரோ தேநீரோ ஊற்றி, ஒரு ஊறுகாய்த் துண்டால் வழித்து, அந்த நீரைக் குடித்துவிட்டு, துடைத்துத் தன் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொள்வார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் சாபுதாய் என்னும் குட்டை மேசை பரவி வீடே ஒன்றாக உட்கார ஆரம்பித்தது. பெட்டி போய்விட்டது, கிண்ணம் ஆளை விடவில்லை. ஒருவர் இறந்து சவப்பெட்டி வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அவருடைய கிண்ணத்தை உடைக்கிற வழக்கம் பல ஊர்களில் இருந்திருக்கிறது. கொள்ளிக்குடம் உடைக்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கல்யாணமாகிப் போகும் பெண்ணின் கிண்ணத்தைப் பிறந்த வீட்டு வாசலில் உடைக்கும் ஊர்களும் உண்டு, இனி இங்கே உனக்குச் சோறில்லை என்று. போருக்கோ தூரப் பயணத்துக்கோ போனவருக்கு, அவர் இல்லாமலே அவர் இடத்தில் சாப்பாடு எடுத்து வைப்பார்கள், ககெசென் என்று பேர். அப்படிப்பட்ட ஊரில், ஒசாகாவில் இருக்கும் மகனின் கிண்ணத்தில் நீங்கள் சோறு போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அவர் "சோத்தோ" என்று மட்டும் சொன்னார். என் அம்மாவாக இருந்தால் அகப்பையால் போட்டிருப்பார்.

இப்போது திட்டு. இரட்டைக் குவளை ஞாபகம் வந்தது என்கிறீர்கள். அதில் குடித்திருக்கிறீர்களா, ஊற்றிக் கொடுத்த பக்கமா? நான் ஊற்றிக் கொடுத்த பக்கம். என் அத்தை வீட்டுத் தொழுவத்து இறவாரத்தில் நசுங்கிய அலுமினிய டம்ளர் ஒன்று செருகியிருக்கும். பத்து வயதில் விளையாடிவிட்டு வந்த தாகத்தில் அதை எடுத்துத் தண்ணீர் குடித்துவிட்டேன். அத்தை கிணற்றடியில் நிறுத்தித் தலையோடு தண்ணீர் ஊற்றினாள், அதில் தினமும் காப்பி குடிக்கும், தொழுவ வேலைக்கு வரும் அம்மா சாணிக்கூடையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை இன்றுவரை எந்தக் கதையிலும் எழுத முடியவில்லை. அந்த அம்மாவின் தெருவிலிருந்து யார் வேலைக்கு வந்தாலும் அதே டம்ளர்தான். உங்கள் நீலக்கோட்டுக் கிண்ணத்தில் வீட்டுக்காரர்கூடச் சாப்பிட முடியாது, நீங்கள் ஒருவர்தான். இரண்டையும் ஒன்றாக வைத்து எழுத எப்படிக் கை வந்தது? ஒரு நாள் மனம் கோணியதற்கெல்லாம் அந்த டம்ளரை இரவல் வாங்காதீர்கள்.

2003 குளிர்காலத்தில் கனசாவாவில் ஒரு வீட்டில் இரண்டு மாதம் இருந்தேன். முதல் பத்து நாள் விருந்தாளிக் கிண்ணம், பிரித்து எறிகிற மரக்குச்சி, ராஜ உபசாரம். வாய் திறந்தால் "பரவாயில்லை, பரவாயில்லை". பிறகு ஒருநாள் பனியில் நடத்தியே கடைக்குக் கூட்டிப்போனார் அந்த அம்மா. கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் செங்கோணமாக விரிக்கச் சொன்னார். நுனிக்கு நுனி ஒரு 'அதா', நம் சாண் மாதிரி ஒரு கையளவு, அதில் ஒன்றரை மடங்கு குச்சியின் நீளம். கிண்ணங்களை ஒவ்வொன்றாகக் கையில் ஏந்திப் பார்க்கச் சொன்னார். குதானி என்னும் அந்தப் பக்கத்துப் பீங்கான் கிண்ணம், விலையைப் பார்த்துவிட்டு நான் நல்ல பிள்ளையாக இருப்பதிலேயே மலிவானதை எடுத்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் அதைத் திரும்ப அடுக்கில் வைத்துவிட்டு, நான் முதலில் ஏந்தி வெகுநேரம் கீழே வைக்காமல் நின்ற பச்சைக் கிண்ணத்தைக் கட்டச் சொன்னார். அன்று இரவிலிருந்து என்னைத் திட்டவும் ஆரம்பித்தார். கிண்ணத்தை மேசையில் வைத்துக் குனிந்து சாப்பிடாதே, ஏந்திச் சாப்பிடு. சோற்றில் குச்சியைக் குத்தி நிறுத்தாதே, அது செத்தவர்களுக்கு வைப்பது. பாத்திரத்தை எடுத்துக் கொண்டுபோய்த் தொட்டியில் போடு. "பரவாயில்லை" அதற்குப் பிறகு காதில் விழவே இல்லை.

கிளம்பும்போது அதைக் கொண்டுபோகலாமா என்று கேட்டேன். வழியில் உடைந்துவிடும் என்று உள்ளே எடுத்து வைத்துவிட்டார். காரணம் அதுதானா என்று இப்போதும் தெரியாது.

விடுதியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், இல்லையா. அது உங்கள் வாடகைக் கணக்கு, நான் என்ன சொல்ல. இருப்பதாக முடிவு செய்தால், தொட்டித் தண்ணீரைத் திறந்துவிடுவதை ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள். வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டுதான் எல்லோரும் அதில் இறங்குகிறார்கள், பல வீடுகளில் மறுநாள் துணி துவைப்பதும் அதே தண்ணீரில்தான். உங்களை ஏன் கடைசியில் குளிக்கச் சொல்கிறார்கள் என்று அப்போது தெரிந்துவிடும்.